பள்ளி தொடங்கிய ஆண்டைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, என் மகனும் மருமகளும் அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். மகன் டாக்டர். மேல்பயிற்சி விசாவில் போனவன். டாக்டர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் அந்த நாட்டிலேயே தங்கலாம் என்று ஏதோ விதியாம், அதனால் அந்த ஊர். போன வருடம் நான் ஐந்து மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தேன்.

வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அரசுப் பள்ளி. காலையில் மஞ்சள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளைகள் அத்தனை பேரும் கறுப்பினப் பிள்ளைகள். ஊரைத் தாண்டி இரண்டு மைலில் 'கிறிஸ்டியன் அகாடமி' என்று ஒரு தனியார் பள்ளி. அங்கே காரில் வந்து இறங்குவதெல்லாம் வெள்ளைப் பிள்ளைகள். ஆறேழு முகம்தான் வேறு நிறம். அதிலும் மூன்று நம் நாட்டு டாக்டர் வீட்டுப் பிள்ளைகள்.

கறுப்பருக்கு ஒரு பள்ளி, வெள்ளையருக்கு ஒரு பள்ளி என்பதை எப்போதோ சட்டம் ஒழித்துவிட்டது என்றுதான் படித்திருக்கிறேன். அகாடமியின் விண்ணப்பத்திலும் கடைசிப் பக்கத்தில், எந்த இனத்தவரையும் சேர்ப்போம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பின்னே ஏன் இப்படிப் பிரிந்து கிடக்கிறது? கட்டணம்தான் காரணமா? ஆகஸ்டில் பேத்தியைச் சேர்க்க வேண்டும். மருமகள் அகாடமிதான் என்கிறாள். மகன் பிடிகொடுக்காமல் இருக்கிறான். நான் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்தவள். கிறிஸ்தவப் பள்ளி என்றதும் என் மனசும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. விவரம் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அம்மா, கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த வரி யாரும் மனமுவந்து போட்டதல்ல. 1969-இல் மிசிசிப்பியைச் சேர்ந்த கறுப்பினப் பெற்றோர் சிலர் அமெரிக்க வரித்துறை மேல் வழக்குப் போட்டார்கள். வெள்ளையரை மட்டும் சேர்க்கிற தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கொடுக்கிறீர்கள், அவற்றுக்கு நன்கொடை கொடுக்கிறவர்களுக்கும் வரியில் கழித்துக்கொடுக்கிறீர்கள், அப்படியானால் பாகுபாட்டுக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறது என்று ஆகாதா என்பது அவர்கள் கேள்வி. 1971-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 1975-இல் வரித்துறை நடைமுறை வகுத்தது: வரிவிலக்கு வேண்டுகிற தனியார் பள்ளி, இனம் பார்க்காமல் சேர்ப்போம் என்று தன் விதிகளில் எழுதிக்கொள்ள வேண்டும், சேர்க்கை பற்றிய அச்சுத்தாள்களிலும் அதைச் சொல்ல வேண்டும். ஆகவே பாகுபாடே அறியாத பள்ளியும் அதைத்தான் அச்சிடுகிறது, அதற்கென்றே பிறந்த பள்ளியும் அதைத்தான் அச்சிடுகிறது. அந்த வரியை வைத்து எதையும் எடைபோட முடியாது.

எடைபோட வேறு ஒன்று உண்டு. பள்ளி தொடங்கிய ஆண்டு. பலகையில் இருக்கும், விளையாட்டுச் சட்டையில் இருக்கும், இல்லாவிட்டால் இணையதளத்தில் 'எங்கள் வரலாறு' என்ற பக்கத்தில் இருக்கும். மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். 1964-க்கும் 1970-க்கும் நடுவில் வந்தால், உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

1954 மே 17-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் போடுவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. நீங்கள் படித்தது அதைத்தான். அதற்கு இரண்டே மாதத்தில், ஜூலையில், மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா என்கிற வட்டாரத்தில், இண்டியனோலா என்ற ஊரில் வங்கிக்காரர்கள், வக்கீல்கள், பண்ணையார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடி 'குடிமக்கள் மன்றம்' ஒன்றைத் தொடங்கினார்கள். முகமூடி போட்டுத் தீ வைக்கிற கூட்டமல்ல இது. கோட்டு போட்ட கூட்டம். பிள்ளையை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க மனுப் போட்ட கறுப்பினத் தகப்பனுக்கு மறுநாள் வேலை இருக்காது, கடையில் கடன் கிடைக்காது. இந்த வழியில் தெற்கு மாநிலங்கள் தீர்ப்பைப் பத்து வருடம் ஏட்டுச் சுரைக்காயாகவே வைத்திருந்தன.

வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இன்னும் ஒரு படி மேலே போனது. 1951-இல் பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் என்ற மாணவி, ஒழுகுகிற தார்த்தாள் கொட்டகையில் எங்களைப் படிக்கவைக்கிறீர்களே என்று கறுப்பினப் பிள்ளைகளைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. அங்கே பிள்ளைகளைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்று நீதிமன்றம் நெருக்கியபோது, 1959-இல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் கவுண்டி பூட்டிவிட்டது. 1964 வரை, ஐந்து வருடம். வெள்ளைப் பிள்ளைகளுக்கென்று ஒரு தனியார் அகாடமி உடனே எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் உடனே எழவில்லை. பலர் உறவினர் வீடு தேடி வெளியூர் போனார்கள், பலர் படிப்பையே விட்டார்கள்.

மிசிசிப்பியில் 1964-இல் அதே குடிமக்கள் மன்றம் தலைநகர் ஜாக்சனில் தன் சொந்தப் பள்ளியைத் திறந்தது. தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மாநில அரசே மானியம் கொடுக்கவும் ஏற்பாடானது. நீதிமன்றம் அதைத் தடுக்க 1969 ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபர் 29-இல் ஹோம்ஸ் கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், தவணை கேட்டது போதும், இப்போதே ஒன்றாக்குங்கள் என்றது. படிப்பாண்டின் நடுவில், 1970 ஜனவரியில், டெல்டாவின் பள்ளிகள் ஒன்றாயின. காகிதத்தில்தான். ஹோம்ஸ் கவுண்டி அரசுப் பள்ளிகளில் இருந்த 771 வெள்ளைப் பிள்ளைகள் முதல் ஆண்டில் 228 ஆனார்கள். அடுத்த ஆண்டில் ஒருவர்கூட இல்லை. தேவாலயக் கூடத்திலும் காலியாகக் கிடந்த கட்டடங்களிலும் ராத்திரியோடு ராத்திரியாக அகாடமிகள் முளைத்தன.

புத்தகமும் அரசு கொடுத்தது, தெரியுமா? மிசிசிப்பியில் பாடப்புத்தகம் இலவசம். தனியார் பள்ளிக்கும் அரசே இரவல் தரும். வெள்ளையர் மட்டும் படிக்கிற அகாடமிகளுக்கும் அது போய்க்கொண்டிருந்தது. அந்தப் புத்தகத்துக்கான வரியைக் கட்டியவர்களில் அங்கே காலெடுத்துவைக்க முடியாத கறுப்பினப் பெற்றோரும் உண்டு. 1973-இல்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

மிசிசிப்பியில் ஒரு கல்லூரியில் நான் நாலு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும்போது டெல்டாவின் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அடிக்கடி போவேன். பழைய செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் வெள்ளையர் பள்ளி. நடைக்கூடச் சுவரில், ஒவ்வோர் ஆண்டும் படிப்பு முடித்த வகுப்பின் புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாக மாட்டியிருந்தார்கள். சின்னச் சின்ன நீள்வட்ட முகங்கள், கீழே பெயர். 1966, 67, 68, 69. எல்லாம் வெள்ளை முகங்கள், பையன்களுக்கு ஒரே மாதிரி வில் கழுத்துப்பட்டை. அடுத்த சட்டத்தில் பாதி முகம் கறுப்பு. அதற்கடுத்ததிலிருந்து எல்லா முகமும் கறுப்பு. சுவரில் நாலடி தூரம்தான் இருக்கும். காவலாளி ஒருவர் அந்தக் கண்ணாடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வெள்ளைப் பிள்ளைகள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் நெடுஞ்சாலைப் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் அகாடமி.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். நியூயார்க்கில் பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வாங்குகின்றன. அங்கே கட்டணமே மதில். டெல்டாவின் அகாடமிகள் அப்படியல்ல. அதில் ஒரு சிறு பங்குதான் கட்டணம். டிராக்டர் ஓட்டுகிற வெள்ளையர் வீட்டிலும் வாயைக்கட்டி வயிற்றைக்கட்டி அங்கே அனுப்பினார்கள், அனுப்புகிறார்கள். ஊரில் அதே வருமானம் உள்ள கறுப்பினக் குடும்பம் அனுப்புவதில்லை. சேர்க்கமாட்டேன் என்று இன்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. 1976-இலேயே, இனத்தைக் காட்டித் தனியார் பள்ளியும் பிள்ளையை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் தன்னை வெளியே வைப்பதற்காகக் கட்டிய வீட்டுக்குள், கதவு திறந்திருக்கிறது என்பதற்காக, யார் தன் பிள்ளையைப் பணம் கட்டி அனுப்புவார்கள்?

ஒன்று எச்சரிக்கிறேன். மருமகள் நாட்டுச் சராசரியைத் தேடி எடுத்துக் காட்டலாம். 2019 கணக்குப்படி அமெரிக்காவின் தனியார் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகள் 66%, கறுப்பினப் பிள்ளைகள் 9%, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் 12%. அரசுப் பள்ளிகளில் இதே வரிசையில் 47, 15, 28. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் உங்கள் பேத்தியின் ஊரில் நீங்கள் கண்ட மாதிரி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக இல்லை. சராசரி அப்படித்தான் ஏமாற்றும். பள்ளியை அது நிற்கிற மண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தனியார் பள்ளியில் நூற்றுக்கு 85 பேர் வெள்ளையர் என்றால், அது ஊரைவிடக் கலந்த பள்ளி, ஏனென்றால் அந்த மாநிலமே ஏறக்குறைய முழுக்க வெள்ளையர். அதே 85 ஹோம்ஸ் கவுண்டியில் இருந்தால்? அங்கே மக்கள்தொகையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கறுப்பினத்தவர். எண் ஒன்றுதான், சொல்கிற கதை நேர் எதிர்.

இந்த ஒப்பீட்டைக் கையால் செய்து பார்க்க முடியும். அமெரிக்கக் கல்வித்துறையின் புள்ளிவிவர மையம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தனியார் பள்ளிகளைக் கணக்கெடுக்கிறது. பதில் அனுப்பிய பள்ளிகளில் எந்த இனத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பள்ளி பெயரைப் போட்டாலே வரும். அரசுப் பள்ளிகளுக்கும் அதே இடத்தில் உண்டு. மகன் இரவுப்பணி முடித்து வந்து அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

வடக்கு மாநிலங்கள் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே அகாடமி கட்ட வேண்டிய தேவையே வரவில்லை. பள்ளி மாவட்டத்தின் எல்லைக் கோடே அந்த வேலையைச் செய்தது. வெள்ளையர் புறநகருக்கு வீடு மாற்றினார்கள். டெட்ராய்ட் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம், நகரத்தின் பாவத்துக்குப் புறநகர்ப் பள்ளிகளைச் சேர்த்துக் கலக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அங்கே பெற்றோர் பள்ளிக்கட்டணமாகக் கட்டாததை வீட்டு விலையாகக் கட்டுகிறார்கள்.

கிறிஸ்தவப் பள்ளி என்றீர்கள். இந்த இடத்தில்தான் உங்கள் பாளையங்கோட்டை மனசு உங்களைத் தவறான பக்கம் கூட்டிப்போகிறது. உங்கள் ஊரில் மிஷன் பள்ளி என்றால், வேறெங்கும் நுழைய முடியாத வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்த இடம். டெல்டாவில் 'கிறிஸ்டியன் அகாடமி' என்ற பெயர் பல இடத்தில் கதவைச் சாத்தியபோது மாட்டிய பலகை. திருச்சபைகள் எல்லாமே அப்படி இருந்தன என்று சொன்னால் பழியாகிவிடும். நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்கப் பேராயர் ஜோசப் ரம்மல் 1962-இல் தன் மறைமாவட்டப் பள்ளிகளைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் திறந்தார். எதிர்த்துக் கிளம்பிய மூவரைச் சபைவிலக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் லியாண்டர் பெரெஸ், அந்த வட்டாரத்தையே ஆட்டிப்படைத்த அரசியல்வாதி. ஆகவே சிலுவையைப் பார்க்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள்.

நம் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களே என்ற கேள்விக்கு டெல்டாவிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. 1924-இல் ரோஸ்டேல் என்ற ஊரில், சீன மளிகைக் கடைக்காரர் கோங் லும் என்பவரின் மகள் மார்த்தா பள்ளித் திறப்பு நாளில் வகுப்புக்குப் போனாள். மதிய இடைவேளையில் கூப்பிட்டு, நீ வெள்ளைப் பிள்ளை இல்லை, நாளை முதல் வராதே என்று அனுப்பிவிட்டார்கள். தகப்பன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1927-இல், முன்பு ஜனாதிபதியாக இருந்த தலைமை நீதிபதி டாஃப்ட் எழுதிய தீர்ப்பு அவரைக் கைவிட்டது. குடும்பம் ஆற்றைக் கடந்து ஆர்கன்சாவுக்குக் குடிபோனது. அதன்பின் சில பத்தாண்டுகளில் அதே டெல்டாவில் சீனக் கடைக்காரர் பிள்ளைகளுக்கு மட்டும் வெள்ளையர் பள்ளிக் கதவு மெல்லத் திறந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. அந்த விதிவிலக்குக்கு ஒரு விலை இருந்தது. கறுப்பின அண்டை வீட்டாரோடு ஒட்டுறவை விட வேண்டும். இப்போது டாக்டர்கள் வீட்டு மூன்று பிள்ளைகள் நிற்கிற இடம் அதே இடம்தான். யாரும் அவர்களை அவமதிக்கமாட்டார்கள். பள்ளியின் விளம்பரத் தாளில் முதல் பக்கத்தில் படம்கூட வரும்.

உங்கள் மகனை அந்த ஊருக்குக் கொண்டுபோன விதியையும் கொஞ்சம் யோசியுங்கள். மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களுக்கென்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 30 இடம். அந்தப் பற்றாக்குறையே அந்த ஊரின் வறுமையோடு ஒட்டிப் பிறந்தது. பகலில் அவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கிற நோயாளிகளின் பிள்ளைகள்தான் அந்த மஞ்சள் பஸ்ஸில் இறங்குகிறவர்கள்.

இது வரலாறு, பேத்திக்குப் படிப்பு வருமா என்று நீங்கள் கேட்பது நியாயம். நம்மவர்களுக்கு ஒரு பழக்கம்: அரசுப் பள்ளி என்றதும் வேறு போக்கில்லாதவர் போகிற இடம் என்று முடிவுகட்டிவிடுவது. (பலகையில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று போட்டுக்கொண்டு தனியார் பள்ளி நடத்துகிற ஊர் நம்முடையது. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு அரசுப் பள்ளி என்றே பொருள்.) அங்கே ஏறக்குறைய பத்தில் ஒன்பது பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். டெல்டாவின் அரசுப் பள்ளிகளுக்குக் குறைகள் உண்டு, மறைக்கமாட்டேன். உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்துதான் பணத்தில் ஒரு பங்கு வர வேண்டும். நிலம் வைத்திருக்கிறவர் பிள்ளையோ அகாடமியில். வரியை ஏற்ற யார் கை தூக்குவார்கள்? சம்பளம் குறைவு, ஆசிரியர் தங்குவதில்லை, மேல்வகுப்பில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் கிடைப்பதில்லை.

ஆனால் கீழ்வகுப்பு வேறு கதை. 2013-இல் மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை மேலே அனுப்புவதில்லை. அதோடு நிற்காமல், எழுத்தொலிகளை வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிற முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர். அதுவரை நாட்டிலேயே கடைசி வரிசையில் இருந்த மாநிலம், 2024 தேசியத் தேர்வில் நாலாம் வகுப்பு வாசிப்பில் 219 மதிப்பெண் எடுத்தது. நாட்டுச் சராசரி 214. இந்தத் தேர்ச்சி அரசுப் பள்ளிகளுடையது. அகாடமிகள் மாநிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. அரசுச் சான்று பெற்ற ஆசிரியரைத்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அகாடமி நன்றாகச் சொல்லித்தருகிறது என்று ஊரில் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதிலாக வருவது ஒழுக்கமும் கால்பந்தாட்டமுமாக இருக்கும்.

அகாடமிப் பெற்றோரை நான் வில்லன்கள் ஆக்கவில்லை. 1970-இல் அவர்கள் பிறக்கவே இல்லை. அப்பா படித்த பள்ளி, தேவாலயத்து நண்பர்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி, அவ்வளவுதான் அவர்களுக்கு. சில அகாடமிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்து உண்மையாகவே மாற முயல்கின்றன. பக்கத்து மாநிலம் அலபாமா 2024-இல் ஒரு சட்டம் போட்டு, தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு 7,000 டாலர் வரை அரசுப் பணம் கொடுக்கிறது. இனம் பார்க்காத உதவி இது, கறுப்பினப் பெற்றோரும் வாங்கலாம். அதனால் 1964 மானியமும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பணம் பழைய அகாடமிகளின் முகத்தை மாற்றுமா, பழைய குடும்பங்களின் கட்டணச் சுமையை மட்டும் குறைக்குமா என்று பார்க்கத்தான் வேண்டும்.

என் யோசனையைக் கேட்டால், இந்த மூன்று வருடத்துக்கு அரசுப் பள்ளி. பேத்தி எழுத்துக்கூட்டப் பழகுகிற வயது அது. மாநிலம் கைகாரியாக இருக்கிற வகுப்புகளும் அவைதான். மேல்வகுப்பு வரும்போது மகன் வேறு ஊருக்குப் போயிருப்பார். வகுப்பில் அவள் ஒருத்திதான் வேறு முகமாக இருப்பாளே என்று மருமகள் கவலைப்படுவார். அகாடமியிலும் ஏறக்குறைய அப்படித்தான். முடிவெடுக்கும் முன் இருவரும் ஒரு நாள் காலை அரசுப் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்க்கட்டும். பாலர் வகுப்பில் பத்து நிமிடம் பின்னால் உட்கார அனுமதி கேட்கட்டும். பிள்ளைகள் வாய்விட்டு எழுத்தொலி சொல்கிறார்களா, ஆசிரியை இந்த வருடம்தான் வந்தவரா, ஐந்தாறு வருடமாக இருக்கிறவரா என்று பார்க்கட்டும். வகுப்புக்கு நிரந்தர ஆசிரியரே இல்லை, மாற்று ஆள்தான் வந்துபோகிறார் என்றால் என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் முதல் வாரமே அங்கே பள்ளி திறந்துவிடும். பாலர் வகுப்பில் சேர, செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும். வீட்டு வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் கேட்பார்கள். முக்கியமானது 121 எண்ணிட்ட தடுப்பூசிப் படிவம். முறையாக விலக்குப் பெற்றிருந்தாலொழிய, அது இல்லாமல் அரசுப் பள்ளியிலும் சேர்க்கமாட்டார்கள், அகாடமியிலும் சேர்க்கமாட்டார்கள். பேத்திக்கு முதல் ஊசிகள் இங்கே போட்டதாக இருந்தால், அந்த அட்டை உங்கள் பீரோவில்தான் இருக்கும். இன்றைக்கே படம் பிடித்து மகனுக்கு அனுப்பிவிடுங்கள்.